பெட்ரோல் எஞ்சினுக்குள் கொந்தளிப்பு: ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) கை வைப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பிளக் பொறி அடித்ததும் பெட்ரோல்-காற்றுக் கலவை வெடிக்கிறது" என்று பலரும் சொல்கிறோம். முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. சரியாக ஓடும் எஞ்சினில் எதுவும் வெடிப்பதில்லை. பொறியில் பிறந்த சிறு தீ சிலிண்டர் சுவர் வரை பரவிச் செல்கிறது. அசையாத பெட்ரோல் கலவையில், சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும், அது வினாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான் முன்னேறும். 6000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 6000 சுற்றில்) கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, 50 டிகிரி திரும்ப ஆகும் நேரமோ வெறும் 1.4 மில்லி வினாடி. அழுத்தத்தில் சூடேறிய கலவை இன்னும் வேகமாக எரியும் என்றாலும் அது போதாது. மிச்ச வேலையைச் செய்வது காற்றின் கொந்தளிப்பு. சிறு சிறு சுழல்கள் தீயின் முகப்பைக் கசங்கிய துணி போல மடித்துவிட, எரியும் பரப்பு பல மடங்கு பெருகுகிறது. இதில் அழகு என்னவென்றால், எஞ்சின் வேகம் கூடும்போது கொந்தளிப்பும் ஏறக்குறைய அதே அளவில் கூடுகிறது. அதனால்தான் பெட்ரோல் எஞ்சினை இவ்வளவு வேகமாக ஓட்ட முடிகிறது.

பெரிய சுழற்சியையே கொந்தளிப்பு என்று நினைப்பது அடுத்த தவறு. உள்ளே வரும் காற்று சிலிண்டரைச் சுற்றிச் சுழலலாம், மேலும் கீழுமாகப் புரளலாம். இவை ஆற்றலைச் சேர்த்து வைக்கும் அசைவுகள். பிஸ்டன் மேலே நெருங்கும்போது புரளும் காற்றுக்கு இடம் போதாமல் அது உடைந்து சிறு சுழல்களாகிறது. பொறி அடிக்கும் நேரத்தில் பிளக் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பைக்கில் இன்டேக் போர்ட்டை, அதாவது காற்று உள்ளே வரும் வழியை, குடைந்து பெரிதாக்குபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். வாய் அகலமானால் குறைந்த ஆர்.பி.எம்.மில் காற்றின் வேகம் விழுகிறது, எரிதல் மந்தமாகிறது, கீழ் வேக இழுவை போய்விடுகிறது.

அதற்காகக் கொந்தளிப்பு எவ்வளவு இருந்தாலும் நல்லது என்றும் எண்ண வேண்டாம். அளவு மீறினால் பிறந்த தீயே அணைந்துபோகலாம். பெட்ரோல் குறைவான கலவையில் இந்த ஆபத்து அதிகம். சுவர் வழியாக வெப்பமும் வீணாகும்.

என் பார்வையில் மிகவும் வருந்தத்தக்க தவறு, நாக்கிங்கை (தீ வந்து சேரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதை) நிறுத்த, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே தடித்த ஹெட் கேஸ்கட் போடுவது. 1919இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ காப்புரிமை பெற்ற சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருக்கும்) எஞ்சின் ஹெட்டில், பிஸ்டனின் ஒரு பகுதி ஹெட்டை மிக நெருங்கி வந்து, அங்குள்ள கலவையை எரியறைக்குள் பீய்ச்சித் தள்ளியது. தீ வேகமாகப் பரவியது. கடைசி மூலைக் கலவை தானாகப் பற்றிக்கொள்ள நேரமில்லாமல் போனது. இப்படிக் கலவையைப் பீய்ச்சும் இடைவெளியைத் தடித்த கேஸ்கட் அகலமாக்கிவிடுகிறது. கம்ப்ரெஷன் (கலவை அமுக்கப்படும் அளவு) குறைந்தும் நாக்கிங் எதிர்பார்த்த அளவு குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இடைவெளியைச் சீராக்கி எரிதலை வேகப்படுத்திவிட்டீர்கள். இப்போது பழைய இக்னிஷன் டைமிங்கை (பொறி அடிக்கும் நேரத்தை) அப்படியே விட்டுவிடாதீர்கள். தீ சீக்கிரம் முடிந்துவிடுவதால் பொறியும் முன்பைவிடச் சற்றுத் தாமதமாக அடிக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உயர்ந்து அதற்கு எதிராகத் தள்ளும்.