கைகால் விழுந்தவரைத் தூக்காமல் எழுப்புவது எப்படி: புதிதாக வந்த நர்சிங் அசிஸ்டண்ட்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்ட கேள்விதான். "அவர் என்னைவிட 20 கிலோ கூட இருக்கிறார், எப்படித் தூக்குவது?" தூக்கவே வேண்டாம். தூக்கினால் உங்கள் இடுப்பும் போகும், அவருக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிற கொஞ்சநஞ்ச பலமும் போகும். பிசியோதெரபிஸ்ட் அரை மணியோ ஒரு மணியோ வந்துவிட்டுப் போவார், மீதி நேரமெல்லாம் நோயாளி நம்மோடுதான். பிசியோ சொல்லிக்கொடுத்ததை அந்த மீதி நேரத்தில் அவரே செய்து பார்த்தால் உடம்பில் ஒட்டும். நாமே குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, தூக்கி உட்காரவைத்து, ஊட்டிவிட்டால் எங்கே ஒட்டுவது?

இங்கே எழுதுவது பக்கவாதத்தில் ஒரு பக்கம் பலம் குறைந்தவருக்கு. சொன்னால் புரிந்துகொள்வார், "ஒருவர் துணையோடு எழலாம்" என்று பிசியோ எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் துணை, லிஃப்ட் (ஆளைத் தூக்கும் கருவி) என்று சார்ட்டில் இருந்தால் இதை முயற்சி செய்து பார்க்காதீர்கள். கை கழுவுவது, திரையை இழுத்துவிடுவது, பெயரைச் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதையெல்லாம் தாண்டிப் போகிறேன்.

ஒரு சொல் மட்டும். பலம் குறைந்த கையை நாங்கள் எங்களுக்குள் "வராத கை" என்போம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் அவரிடம் பேசும்போது "ஐயா, இடது கை" என்று மட்டும் சொல்லுங்கள். வராது, வராது என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கையை அசைத்துப் பார்க்கத் தோன்றும்?

1. முதலில் நாற்காலி

வீல்சேரை அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலை ஒட்டிக் கொஞ்சம் சாய்வாக நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கும் போட்டாயிற்றா என்று கண்ணால் பார்த்தால் போதாது, தள்ளிப் பாருங்கள். ஃபுட்ரெஸ்ட்டை ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது கணுக்காலில் இடிக்கும். கட்டில் சக்கரமும் பூட்டியிருக்க வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகிற உயரத்துக்குக் கட்டிலை இறக்குங்கள். வழுக்காத செருப்பு அல்லது ஷூ. வெறும் சாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

2. படுத்திருப்பவர் உட்காருவது

எந்தப் பக்கம் புரள வேண்டும் என்பதை பிசியோ சொல்லியிருப்பார், அதன்படி போங்கள். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, முழங்கையை ஊன்றி எழுந்திருப்பது. நீங்கள் தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுத்தால் போதும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஏன் என்று கீழே வருகிறது.

உட்கார்ந்தவுடன் எழுப்பாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும், முகம் வெளிறுகிறதா, வியர்க்கிறதா, தலை சுற்றுகிறதா என்று பாருங்கள், கேளுங்கள். பல நாள் படுத்திருந்தவருக்கு எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது நர்சுக்குச் சொல்ல வேண்டிய விஷயம். அளவு எடுக்கச் சொல்லவில்லையென்றாலும் தலை சுற்றுகிறது என்று அவர் சொன்னால் திரும்பப் படுக்க வைத்துவிட்டு நர்சைக் கூப்பிடுங்கள்.

3. பெல்ட்

கெயிட் பெல்ட், அதாவது நாம் பிடித்துக்கொள்வதற்காக நோயாளிக்குக் கட்டுகிற பெல்ட், இடுப்பைச் சுற்றி, உடைக்கு மேலே. உள்ளே இரண்டு விரல் நுழைகிற அளவு இறுக்கம். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்தது நின்றதும் தளர்ந்துவிடும், அதனால் நின்ற பிறகு இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கள். வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன், உணவு செலுத்த வயிற்றில் போட்ட குழாய், விலா எலும்பு முறிவு, மலம் சேர வயிற்றில் ஒட்டிய பை இதில் ஏதாவது இருந்தால் நர்சைக் கேட்காமல் கட்டாதீர்கள்.

பல் வைத்த உலோகக் கொக்கி போட்ட பருத்தி பெல்ட்டைத்தான் பல இடங்களில் கொடுப்பார்கள். எனக்குப் பிடிக்காது. புதியவர்களுக்குப் பக்கவாட்டில் கைப்பிடி தைத்த, பிளாஸ்டிக் கொக்கி வைத்த அகலமான பெல்ட்தான் நல்லது. எங்கே பிடிப்பது என்று தேட வேண்டாம், துடைப்பதும் சுலபம். எதுவானாலும் உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி கீழிருந்து பிடியுங்கள்.

4. எழுந்து நிற்பது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

இதில்தான் எனக்கு மூன்று வாரம் போயிற்று.

நான் செய்தது என்னவென்றால், அவருக்கு நேர் எதிரே ஒட்டி நின்று, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மேலே இழுப்பேன். அவர் பின்பக்கம் சாய்வார். நான் இன்னும் பலமாக இழுப்பேன், அவர் இன்னும் சாய்வார், கடைசியில் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலிலேயே உட்காருவோம். அவர் ஒத்துழைக்கவில்லை என்று சார்ட்டில் எழுதியும் வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் பிசியோ வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு "எழுந்திரு" என்றார். முடியவில்லை. ஒரே ஒரு விரல்தான். நீங்களும் செய்து பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டுமென்றால் முதலில் தலை முன்னே வர வேண்டும், மூக்கு கால் விரலுக்கு நேர் மேலே வரும்வரை குனிய வேண்டும், அப்போதுதான் எடை புட்டத்திலிருந்து பாதத்துக்கு மாறும், புட்டம் தானாகத் தூக்கும். அவருடைய தலை வர வேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்! அவர் எங்கே குனிவார்?

இரண்டாவது தப்பு அக்குள். தோள் மூட்டில் பந்து உட்கார்ந்திருக்கிற குழி ரொம்ப ஆழமில்லாதது, சுற்றியிருக்கிற தசைதான் அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தசை வலுவிழந்த கையில், கையின் எடையே பந்தைக் கீழே இறக்கிவிடும். அதில் நாம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால், கையைப் பிடித்து இழுத்தால், மூட்டு விலகும். அப்புறம் வருகிற தோள்வலி மாதக்கணக்கில் விடாது, வலிக்குப் பயந்து பயிற்சிக்கே வர மாட்டார்கள்.

சரி, இப்போது நான் செய்கிற விதம்:

அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகரச் சொல்லுங்கள். வலது புட்டம், இடது புட்டம் என்று மாற்றி மாற்றி நகர்ந்து வருவார், நேரமாகும், ஆகட்டும். பாதம் தோள் அகலத்தில், குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். பாதம் முன்னே நீட்டிக்கொண்டிருந்தால் யாராலும் எழ முடியாது.

நீங்கள் வராத பக்கமாக, கொஞ்சம் முன்னால் நில்லுங்கள். உங்கள் முழங்காலை அவருடைய வராத முழங்காலுக்கு முட்டுக் கொடுங்கள், அழுத்த வேண்டாம், மடங்கினால் தாங்குகிற மாதிரி இருந்தால் போதும். கை பெல்ட்டில். அவருடைய நல்ல கை கட்டிலை ஊன்றி அழுத்தட்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழ விடாதீர்கள், வாக்கர் கவிழ்ந்து வரும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள்.

"ஐயா, மூக்கைக் கால் விரலுக்குக் கொண்டுவாங்க." அவர் குனிவார். பயப்படுவார், முன்னால் விழுந்துவிடுவோம் என்று தோன்றும், அதனால் பெல்ட்டில் உங்கள் பிடி அவருக்குத் தெரிய வேண்டும். புட்டம் லேசாகத் தூக்குகிறபோது "இப்ப எழுந்திருங்க". நீங்கள் மேலே இழுக்க வேண்டியதில்லை, முன்னே வழிகாட்டினால் போதும்.

சொன்னவுடன் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். இதுதான் நிஜமாகவே கஷ்டம். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். மூளை அடிபட்டவருக்குச் சொன்னது போய்ச் சேர, அது காலுக்குப் போக நேரம் எடுக்கும். நாம் ஐந்தாவது நொடியில் பொறுமை இழந்து வேறு வார்த்தையில் திரும்பச் சொன்னால், அவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பத்து எண்ணியும் நடக்கவில்லையென்றால் அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லுங்கள். அப்புறம் கையால் காட்டுங்கள், அப்புறம் முதுகில் தொட்டு உணர்த்துங்கள், கடைசியாகத்தான் கை கொடுப்பது.

5. திரும்பி உட்காருவது

நின்றவுடன் மூச்சு விடட்டும். நல்ல பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைத்துத் திரும்பட்டும், பாதம் ஊன்றியபடியே உடம்பைத் திருக விடாதீர்கள். நாற்காலி விளிம்பு இரண்டு காலுக்கும் பின்னால் படுகிறதா என்று அவரே சொல்ல வேண்டும், அதற்கு முன் உட்காரக் கூடாது. நல்ல கையால் நாற்காலிக் கையைத் தேடிப் பிடித்து, திரும்பவும் குனிந்து, மெல்ல உட்காருவது. தொப்பென்று விழுந்தால் அன்றைய பயிற்சி பாதிதான். உட்கார்ந்த பிறகு வராத கையைத் தலையணை மேல் வையுங்கள், தொங்க விடாதீர்கள், சக்கரத்தில் மாட்டும்.

நடுவில் கால் மடங்கி விழப் போனால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். காலை அகட்டி வைத்து, பெல்ட்டால் உங்களை ஒட்டி இழுத்து, உங்கள் கால் மேல் சறுக்கித் தரையில் இறக்குங்கள், தலையைக் காப்பாற்றுங்கள். நர்ஸ் வந்து பார்க்கும்வரை எழுப்பாதீர்கள்.

6. சட்டை, நடை

சட்டை மாட்டும்போது வராத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். முன்பக்கம் திறக்கிற, தளர்வான சட்டை. 20 நிமிடம் ஆனாலும் பட்டனை அவரே போடட்டும், கடைசிப் பட்டனாவது.

கைத்தடி நல்ல கையில். வராத பக்கம்தானே பலமில்லை, அங்கேதானே தடி வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். தடி, வராத கால், நல்ல கால், இந்த வரிசை. நீங்கள் வராத பக்கம், அரை அடி பின்னால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில்.

7. எழுதி வைப்பது

"நன்றாக நடந்தார்" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். நான் எழுதுவது இப்படி: "வாக்கருடன் 10 மீட்டர். ஒருவர் பெல்ட்டைப் பிடித்தபடி. இடப்பக்கம் திரும்பும்போது இடது முழங்கால் ஒருமுறை மடங்கியது. நடுவில் ஒருமுறை உட்கார்ந்தார். தலைசுற்றல் இல்லை." இப்படி எழுதிய அன்றுதான் பிசியோ என்னைத் தேடி வந்து, எந்தத் திருப்பத்தில், எத்தனை அடிக்கு அப்புறம் என்று கேட்டார். மறுநாள் திரும்புவதற்கென்றே தனியாகப் பயிற்சி போட்டார். நேற்றுவரை முடிந்தது இன்று முடியவில்லையென்றால் எழுதுவதோடு நிறுத்தாமல் நர்சிடம் நேரிலும் சொல்லுங்கள். திடீரென்று பேச்சு குழறுகிறது, முகம் கோணுகிறது என்றால் ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒரு தங்கை, இடுப்பு மூட்டு மாற்றியவரிடம் "மூக்கைக் கால் விரலுக்கு" சொல்லப் போய் நர்சிடம் திட்டு வாங்கியதாக எழுதியிருந்தார். தப்பு என்னுடையது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தால் வழக்கமாக இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பார்கள், காலைக் குறுக்கே போடக் கூடாது, உள்பக்கம் திருப்பவும் கூடாது. அவர்களுக்கு உயரமான இருக்கை, ஆபரேஷன் ஆன காலை முன்னே நீட்டிக்கொண்டு, கைகளை ஊன்றி எழுவது. எத்தனை வாரம் என்பதை டாக்டர் சொல்வார்.

இன்னொருவர், சாப்பாட்டுத் தட்டில் இடது பாதியை அப்படியே விட்டுவிடுகிறார், இடது கை படுக்கையில் மாட்டினாலும் தெரியவில்லை, பிடிவாதமா என்று கேட்டிருந்தார். பிடிவாதம் இல்லை. மூளையின் வலப்பக்கம் அடிபட்டவர்களுக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனசில் பதியாமல் போகலாம், கண் நன்றாகத் தெரிந்தாலும். இவர்கள் எழும்போது இடது பாதம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், தொட்டுக் காட்டுங்கள். நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது என்பதை மட்டும் பிசியோவிடம் கேட்டுவிடுங்கள், சிலருக்கு வேண்டுமென்றே இடப்பக்கம் போடச் சொல்வார்கள். அழைப்பு மணி மட்டும் எப்போதும் வலது கைக்குப் பக்கத்தில்.