எம்ஜிபி-யைத் தூக்கும்போது: ஜாக் எங்கே, ஸ்டாண்டு எங்கே

எம்ஜிபி மாதிரி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு ஷெட்டில் வைத்து வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால், கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் வண்டியை எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1962-ல் வந்து 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான வண்டி இது. தனி சேசிஸ் கிடையாது, தகட்டை மடித்து வெல்டு வைத்த பாடிதான் மொத்தப் பாரத்தையும் சுமக்கிறது. அதிலும் கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதிதான். பிரிட்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு தூவுவார்கள், அந்த உப்புத் தண்ணீர் தேங்கி உள்ளிருந்து அரிப்பதும் அதே சில்லைத்தான்.

வண்டியோடு வந்த ஜாக், சில்லின் நடுவில் மாட்டி ஒரு பக்கத்து இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் தூக்கும். அதைத் தொடாதீர்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த ஜாக் மாட்டும் இடம் எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, மேலே புதுப் பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் உள்தகடு பொடிப்பொடியாக உதிரும் நிலையில் இருக்கலாம். சில்லின் பலத்தைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வண்டியைத் தூக்கத் தொடங்கும்போது கதவின் பின்விளிம்பில் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். ஏற ஏற அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறினாலோ, கதவு இறுகித் திறக்க மறுத்தாலோ பாடி வளைகிறது என்று அர்த்தம். உடனே இறக்கிவிடுங்கள், முதலில் வெல்டிங் வேலையைப் பாருங்கள்.

தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். தார்த் தரை என்றால் ஸ்டாண்டின், அதாவது தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கியின், கால் வெயிலில் புதையும், அடியில் தடித்த பிளைவுட் போடுங்கள். தரையைப் பெருக்குங்கள், இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வண்டி மேலே போகப் போக டிராலி ஜாக் (சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்) தானும் கொஞ்சம் உருண்டு நகர்ந்தாக வேண்டும், அதன் சக்கரத்தில் ஒரு சின்னக் கல் மாட்டினால்கூட ஜாக் நின்றுவிடும், தலைப்பகுதி மட்டும் வண்டியின் அடியில் இழுபட்டுச் சறுக்கும்.

முன்பக்கம் தூக்க, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஜாக்கை சஸ்பென்ஷனைத் தாங்கும் கிராஸ் மெம்பரின் (குறுக்குச் சட்டத்தின்) நடுவில், ஒரு மரக்கட்டையை இடையில் வைத்துப் பொருத்துங்கள். இன்ஜின் சம்ப் (அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) வெறும் தகடு, அதில் ஜாக் வைத்தால் நெளிந்துவிடும். ஸ்டாண்டுகளை கிராஸ் மெம்பருக்குப் பின்னால் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவ ரெயில்களின் அடியில், இரு பக்கமும் ஒரே உயரத்தில் வையுங்கள். தரைத்தகடு பக்கத்திலேயே இருக்கும், ஸ்டாண்டின் தலை அதில் படக் கூடாது.

பின்பக்கம் கொஞ்சம் வேறு. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும், அந்தச் சக்கரம் தரையை விட்டுவிட்டால் வண்டி நிற்பது முன்சக்கரத்துக் கட்டையை நம்பித்தான், அதனால் அங்கே நல்ல கனமான கட்டையாகப் போடுங்கள். ஜாக்கை டிஃபரென்ஷியலின் (பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியின்) வார்ப்பு உடலில் வையுங்கள், பின்மூடியின் மெல்லிய தகட்டில் வைக்காதீர்கள். பிரேக், சக்கர வேலை என்றால் ஸ்டாண்டு ஆக்சில் குழாயின் அடியில், ஸ்பிரிங் பக்கமாக இருக்கலாம். ஆனால் அந்தக் குழாயை ஒட்டியே பிரேக் பைப் ஓடுகிறது, ஸ்டாண்டு அதை நசுக்கவில்லையே என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்கையே கழற்றப் போகிறீர்கள் என்றால் ஆக்சில் கீழே இறங்க வேண்டும், அப்போது ஸ்பிரிங்கின் முன்முனை பாடியில் மாட்டியிருக்கும் இடத்தில் ஸ்டாண்டு வைக்க வேண்டும், அந்த இடத்தில் துரு இருக்கிறதா என்று முதலில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டிகளில் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள்.

கம்பி வீல் உள்ள வண்டியில் காது வைத்த ஸ்பின்னரை (சக்கரத்தின் நடுவில் பிடித்திருக்கும் பெரிய நட்டை) சக்கரம் தரையில் இருக்கும்போதே செம்புச் சுத்தியலால் தட்டி லேசாகத் தளர்த்திவிடுங்கள். மேலே தூக்கின பிறகு சுத்தியலால் ஓங்கி அடித்தால் வண்டி முழுக்க ஆடும். எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று அம்புக்குறி அதிலேயே இருக்கும்.

ஸ்டாண்டு வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று பாருங்கள். பல் வைத்த ராட்செட் வகையில் பல் முழுசாக உட்கார்ந்து பூட்டியதா என்று கையால் தள்ளிப் பார்த்தே ஆக வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் இந்த வகை ஸ்டாண்டுகள் பாரத்தில் பல் நழுவக்கூடும் என்று பெரிய அளவில் திரும்பப் பெறப்பட்டன. குறுக்கே பின் செருகும் வகை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஜாக்கை நம்பி மட்டும் ஒரு நிமிஷம்கூட அடியில் போகாதீர்கள், உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சீல் போனால் எண்ணெய் வடிந்து வண்டி இறங்கிவிடும். ஹாலோ பிளாக், செங்கல் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், பாரம் ஒரு இடத்தில் குவிந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

வண்டியை ஸ்டாண்டில் இறக்கியதும் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி அசைத்துப் பாருங்கள். கீழே விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். அப்புறம் கழற்றின சக்கரங்களைப் படுக்கவைத்து சில்லின் அடியில் தள்ளிவிடுங்கள், ஜாக்கையும் பாரம் ஏற்றாமல் தொட்டபடி விட்டுவையுங்கள். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டியிருந்தால் ஒரு முனையை ஒரேயடியாக ஏற்றாமல் பின்னால் கொஞ்சம், முன்னால் கொஞ்சம் என்று மாறி மாறிப் போங்கள், ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டின் கால் நாலும் தரையில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இறக்கும்போது ஜாக்கின் வால்வை மெல்லத் திருப்புங்கள். சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் போட்ட போல்ட் எதையாவது கழற்றியிருந்தால் மேலே இருக்கும்போது கையால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங் தன் உயரத்துக்கு வந்த பிறகு முழுசாக இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.