சிலந்திக் குஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள்

ஈரச் சருகைப் புரட்டினால் தூசி போல ஏதோ நகரும். சிலந்திக் குஞ்சு என்று நினைத்துச் சருகைப் போட்டுவிடுவோம். சிம்ஃபைட்டோக்னாதிடே குடும்பத்துச் சிலந்திகள் கண்ணில் பட்டும் படாமல் போவது இப்படித்தான். முழுதாக வளர்ந்த பிறகும் இவை பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. கொலம்பியாவில் கிடைத்து, 1977இல் பெயர் சூட்டப்பட்ட பாட்டூ டிகுவா இனத்தின் ஆண் 0.37 மில்லிமீட்டர்தான். அதுவும் இணைசேரும் வயது வந்த ஆண்!

சரி, குஞ்சா, வளர்ந்ததா என்று எப்படித் தெரியும்? அளவை மறந்துவிட்டு, நுண்ணோக்கியில் வாய்ப்பக்கம் பாருங்கள். சிலந்திகளுக்குத் தாடையின் இருபுறமும் குட்டிக் கால் மாதிரி ஓர் இணை உறுப்பு இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அதன் நுனி உருண்டு புடைத்திருக்கும். இந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கோ அந்த உறுப்பே இருக்காது, அல்லது வெறும் புடைப்பாக நின்றுவிடும். உறுப்பு ஒடிந்துபோன சிலந்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதுதான் நல்ல அடையாளம். அடியில் ஒன்றோடொன்று ஒட்டிய தாடைகள் இன்னொரு அடையாளம். 1931இல் டாஸ்மேனியச் சிலந்தி ஒன்றை வைத்துச் சிலந்தி ஆய்வாளர் ஹிக்மன் இந்தக் குடும்பத்தை வகுத்தார். பெயரின் கிரேக்கப் பொருளும் 'ஒட்டி வளர்ந்த தாடை' என்பதே. கண்கள் எட்டு இல்லையே என்றும் குழம்ப வேண்டாம். இவற்றுக்கு ஆறு அல்லது நான்குதான்.

அடுத்த தவறு, வலையைத் தேடும் விதம். வட்ட வலை என்றதும் செடிகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் சக்கரம்தான் நினைவுக்கு வருகிறது. இவற்றின் வலையோ சருகுகளின் இடுக்கில், தரைக்கு இணையாக, நெருக்கமான ஆரங்களோடு படுத்துக் கிடக்கும். சருகைத் தூக்கிய நொடியே அறுந்துவிடும். அதனால் முதலில் குனிந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் பனி போல நுண்ணிய நீர்த்தூவல் போதும். பெரிய துளி விழுந்தால் வலை தாங்காது.

குட்டி வலை எல்லாமே இந்தக் குடும்பத்துடையது என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. மிஸ்மெனிடே என்ற உறவுக் குடும்பத்துச் சிலந்திகளில் பல, வலையை உருண்டையாகப் பின்னும். அனாப்பிடே குடும்பத்து வலையில் சில ஆரங்கள் மேலே எழும்பி நிற்கும். தெரிடியோசோமாட்டிடே குடும்பம் இன்னும் அழகு: நடுவிலிருந்து ஓர் இழையை இழுத்துப் பிடித்து, வலையையே கூம்பாக்கி உட்கார்ந்திருக்கும். இரை நெருங்கியதும் பிடியை விட, வலை கவண் போலத் தெறித்து இரையின் மேல் படும். எனக்குப் பார்த்துப் பார்த்துச் சலிக்காத காட்சி இது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, இத்தனூண்டு உடம்புக்கு மூளை எவ்வளவு இருந்துவிடும் என்ற எண்ணம். மிகச்சிறிய சிலந்திகள் பின்னும் வலையைப் பெரிய உறவுச் சிலந்திகளின் வலையோடு சிலந்தி ஆய்வாளர் வில்லியம் எபர்ஹார்ட் ஒப்பிட்டார். சிறியவை அதிகமாகத் தவறு செய்யவில்லை. அதற்கு அவை கொடுக்கும் விலை வேறு. உறவுக் குடும்பங்களின் மிகச்சிறு சிலந்திகளில் நரம்பு மண்டலம் உடலுக்குள் அடங்காமல் கால்களுக்குள்ளும் பரவியிருப்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்புறம், படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்லாதீர்கள். இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் அது நிச்சயப்படாது. பார்த்து முடித்ததும் சருகை எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே திருப்பி வையுங்கள். அடிப்பக்கத்தில் முட்டைப் பை ஒட்டியிருக்கலாம்.