பாலிமர் கலவை கலக்குமா, பிரியுமா: நிலைமை வரைபடத்தைக் கணக்கிடும் முறை

இரண்டு பாலிமர்களை உருக்கிக் கலந்தால் பெரும்பாலும் அவை ஒன்றாகாது. எந்த வெப்பநிலையில், எந்த விகிதத்தில் கலக்கும், எங்கே பிரியும் என்று காட்டுவதே நிலைமை வரைபடம். தனித்தனி அலகுகள் கலக்கும்போது கிடைக்கும் என்ட்ரோபி (கலப்புக்குச் சாதகமான ஒழுங்கின்மை), ஆயிரம் அலகுகள் ஒரே சங்கிலியில் கோத்திருந்தால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். மிச்சத்தைத் தீர்மானிப்பது அலகுகளுக்கிடையே உள்ள சின்னஞ்சிறு ஒவ்வாமை. அதை அளப்பதுதான் ஃப்ளோரி–ஹக்கின்ஸ் இடைவினை அளவுரு. கிரேக்க எழுத்தான 'கை'யால் குறிப்பார்கள். சமன்பாட்டைத் தீர்ப்பதைவிட இந்த எண்ணைச் சரியாகப் பிடிப்பதே கடினம்.

முதலில் சங்கிலி நீளம். இதை மோனோமர் எண்ணிக்கையாக எடுக்காதீர்கள். இரண்டு பாலிமர்களுக்கும் பொதுவாக ஓர் ஒப்பீட்டுக் கனஅளவை வைத்து எண்ண வேண்டும், 0.1 கன நானோமீட்டர் வழக்கமான தேர்வு. மூலக்கூறு நிறையை அடர்த்தியாலும் அவகாட்ரோ எண்ணாலும் அந்தக் கனஅளவாலும் வகுத்தால் நீளம் கிடைக்கும். மூலக்கூறு நிறை 1,00,000, அடர்த்தி 1.05 கிராம்/கன செ.மீ. உள்ள பாலிஸ்டைரீனுக்கு விடை சுமார் 1,580. மோனோமர் கணக்கில் அதே சங்கிலி 960 அலகுதான். ஒரு கட்டுரையின் 'கை'யை எடுத்து, வேறு ஒப்பீட்டுக் கனஅளவில் எண்ணிய நீளத்தோடு பெருக்கினால் இந்த வித்தியாசம் முழுவதும் விடையில் ஏறிவிடும். மிக அதிகமாக நடக்கும் தவறு இதுவே.

கனஅளவுப் பின்னங்கள் ப₁, ப₂. நீளங்கள் ந₁, ந₂. 'மட' என்பது இயல் மடக்கை. ஓர் அலகுக்கான கலப்புக் கட்டிலா ஆற்றல், வெப்ப ஆற்றலின் மடங்காக:

(ப₁/ந₁) மட ப₁ + (ப₂/ந₂) மட ப₂ + கை·ப₁·ப₂

மாறுநிலைப் புள்ளியை, அதாவது 'கை' எதைத் தாண்டினால் பிரிதல் தொடங்குமோ அந்த வரம்பை, உடனே எழுதிவிடலாம்:

கை(மாறுநிலை) = ½ (1/√ந₁ + 1/√ந₂)²

நீளங்கள் 1000, 500 என்றால் இது 0.0029; அந்தப் புள்ளியில் ப₁ = 0.414. நீளமான சங்கிலி குறைவாக இருக்கும் பக்கம் மாறுநிலை நகர்வதைக் கவனியுங்கள்.

இனி 'கை'. கரைதிறன் அளவுருக்களின் (ஒரு பொருளின் மூலக்கூறுகள் தமக்குள் எவ்வளவு ஈர்த்துக்கொள்கின்றன என்பதன் அளவு) வித்தியாசத்தை இருமடியாக்கி, மோலார் கனஅளவால் பெருக்கி, வாயு மாறிலி × வெப்பநிலையால் வகுக்கும் குறுக்குவழி பரவலாகப் பயன்படுகிறது. மோலார் கனஅளவு 100 கன செ.மீ., வித்தியாசம் 1 (மெகாபாஸ்கலின் வர்க்கமூலத்தில்) என்றால் 25 °செல்சியஸில் 0.04 வருகிறது. இரு நீளங்களும் 1000 ஆனால் தாங்கக்கூடியது 0.002 மட்டுமே, அதாவது வித்தியாசம் 0.22-ஐத் தாண்டக் கூடாது. கரைதிறன் அட்டவணைகளின் பிழையே அதைவிடப் பெரிது. தவிர, இருமடி ஒருபோதும் எதிர்மம் ஆகாது. ஆகவே நன்றாகக் கலக்கும் ஜோடிகளையும், சூடேற்றினால் பிரியும் ஜோடிகளையும் இந்த வழி காட்டவே காட்டாது. பொருந்தாத ஜோடிகளைத் தொடக்கத்தில் தள்ளிவிட மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பகமான வழி, கை = அ + ஆ/வெப்பநிலை (கெல்வினில்) என்று எழுதி, அளவீட்டிலிருந்து அ, ஆ இரண்டையும் பொருத்துவது. ஒரே கலவையில் பல வெப்பநிலைகளில் நியூட்ரான் சிதறல் எடுத்து, பூச்சியக் கோணத்தில் சிதறல் செறிவின் தலைகீழியை 1/வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், நேர்கோடு பூச்சியத்தைத் தொடும் இடம் ஸ்பினோடல், அதாவது கலவை தானாகவே பிரியத் தொடங்கும் எல்லை. அந்த வசதி இல்லாவிட்டால் வெவ்வேறு மூலக்கூறு நிறைகளில் மேகப்புள்ளி (தெளிந்த கலவை கலங்கத் தொடங்கும் வெப்பநிலை) அளந்து பொருத்தலாம். ஆ எதிர்மமாக வந்தால் பதறவேண்டாம்: பாலிஸ்டைரீன்–பாலிவினைல் மெத்தில் ஈதர் கலவை அப்படித்தான், சூட்டில் பிரிகிறது. பாலிஸ்டைரீன்–பிஎம்எம்ஏ (பாலிமெத்தில் மெதாக்ரிலேட்) ஜோடிக்கு 0.028 + 3.9/வெப்பநிலை என்ற பொருத்தம் உண்டு. எவ்வளவு சூடேற்றினாலும் இது 0.028-க்குக் கீழே வராது. மேலே கண்ட 0.0029 எங்கே, இது எங்கே!

ஸ்பினோடலுக்கு 1/(ந₁ப₁) + 1/(ந₂ப₂) = 2·கை போதும். பைனோடலுக்கு (பிரிந்த இரு நிலைமைகளும் சமநிலையில் இருக்கும் கலவை விகிதங்களின் எல்லை) இரு நிலைமைகளிலும் இரண்டு கூறுகளின் கெமிக்கல் பொட்டென்ஷியல்கள் சமமாக வேண்டும். ஊகத்தைப் படிப்படியாகத் திருத்தித் தீர்க்கும் நியூட்டன் முறை இங்கே அடிக்கடி இரு நிலைமைகளும் ஒன்றே என்ற பயனற்ற தீர்வில் போய் விழும். ஸ்பினோடலின் இரு கிளைகளுக்கும் வெளியே ஊகத்தை வையுங்கள். மாறுநிலையிலிருந்து சற்று விலகித் தொடங்கி, ஒவ்வொரு விடையையும் அடுத்த படிக்கு ஊகமாகக் கொடுங்கள். மாறியாக ப₁-ஐ விட மட(ப₁/ப₂) எடுப்பது நல்லது; வலுவாகப் பிரியும்போது பின்னம் கற்பனைக்கெட்டாத அளவு சிறியதாகிவிடும். சரிபார்க்க: நீளங்கள் சமமானால் கை × ந = 2.75 இருக்கும்போது பைனோடல் பின்னங்கள் 0.1, 0.9 என வரவேண்டும். சங்கிலி நீளம் ஒரே சீராக இல்லாத மாதிரிக்கு, ஸ்பினோடலில் எடைச் சராசரி நீளத்தைப் போடுங்கள், எண் சராசரியை அல்ல.

சமவாய்ப்புக் கோபாலிமர்தான் (இரு வகை அலகுகளை ஒழுங்கின்றிக் கோத்த சங்கிலி) இதில் சுவையான பகுதி. பிஎம்எம்ஏ-வோடு ஸ்டைரீன்–அக்ரிலோநைட்ரைல் கோபாலிமரைக் கலந்தால், அக்ரிலோநைட்ரைல் பங்கு ய எனில்:

கை = (1−ய)·கை(பிஎம்எம்ஏ–ஸ்டைரீன்) + ய·கை(பிஎம்எம்ஏ–அக்ரிலோநைட்ரைல்) − ய(1−ய)·கை(ஸ்டைரீன்–அக்ரிலோநைட்ரைல்)

கடைசி உறுப்பின் குறிதான் எல்லாம். கோபாலிமருக்குள்ளேயே இரு அலகுகளும் ஒன்றையொன்று வெறுப்பதால், மூன்றாவது பாலிமர் நடுவே வருவது லாபமாகிறது. மாதிரிக்காக மூன்று மதிப்புகளையும் முறையே 0.03, 0.4, 0.8 என்று போட்டால், ய 0.08-லிருந்து 0.46 வரை மொத்தம் எதிர்மமாகிறது. பாலிஸ்டைரீனும் பாலிஅக்ரிலோநைட்ரைலும் தனித்தனியே பிஎம்எம்ஏ-வோடு கலக்காதவை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பிளாக் கோபாலிமருக்கு (ஒவ்வொரு வகை அலகும் நீண்ட துண்டாக இணைந்த சங்கிலி) இந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்தாதீர்கள். கட்டிப்போட்ட சங்கிலிகள் பெரிய அளவில் பிரிய முடியாது. நானோ அளவில் அடுக்குகளாகும். சமச்சீர் இருபிளாக்குக்கு அந்த வரம்பு, மொத்த நீளத்தை வைத்து, கை × ந = 10.5. ஏற்ற இறக்கங்களைச் சேர்த்தால் குறுகிய சங்கிலிகளுக்கு இன்னும் மேலே போகும். அதனோடு ஹோமோபாலிமரையும் சேர்க்கும்போது இரண்டு வகைப் பிரிதலும் போட்டியிடும். அப்போது தன்னிசைவுப் புலக் கோட்பாட்டுக்கு மாறுங்கள்.