சின்ன மிரர்லெஸ் கேமராவுக்கு அடுத்த லென்ஸ் எது?

கேமரா வாங்கி மூன்று மாதம் ஆனதும் ஒரு அரிப்பு வரும், இன்னொரு லென்ஸ் இருந்தால்தான் படம் நன்றாக வரும் என்று. எனக்கும் வந்தது. வந்த வேகத்தில் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஒரு பழைய 70-300 ஸூமை வாங்கி, தைப்பூசத்துக்கு ஒரு தடவை கழுத்தில் மாட்டிக்கொண்டு பினாங்கு தண்ணீர்மலை ரோட்டில் நடந்தேன். அப்புறம் அது துணி அலமாரிக்குள் போனது. அதற்கு என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

போன மாதம் அத்தை மகன் கேட்டான், "மச்சான், ரெண்டாவது லென்ஸ் எது வாங்கலாம்?" முதலில் நீ எடுத்த படங்களைக் கொண்டு வா என்றேன். கிட் லென்ஸில் (கேமராவோடு சேர்ந்து வரும் ஸூம், பலதில் 16-லிருந்து 50 மி.மீ. வரை) எடுத்த ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். மி.மீ. சின்னதானால் காட்சி அகலம், பெரிதானால் கிட்டம். ஒரு முந்நூறு படத்தைக் கணினியில் போட்டு அதன்படி பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் 50 மி.மீ. பக்கம் குவிந்திருந்தால் இன்னும் கிட்டத்தில் வேண்டும் என்று உங்கள் கை கேட்கிறது. எல்லாமே 16-இல் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் மோட்டாரில் ஓடும் கிட் லென்ஸ்கள் கேமராவைப் போட்டதும் அகலமான முனையில்தான் வந்து நிற்கும், நாமும் அப்படியே அமுக்கிவிடுவோம். அது வைட் லென்ஸ் ஆசை இல்லை, சோம்பேறித்தனம். அத்தை மகன் படங்களில் பாதி அப்படித்தான் இருந்தன.

அடுத்த கேள்வி, படம் கெட்டுப்போனது எங்கே? தூரம் போதாமல் கெட்டதா, வெளிச்சம் போதாமல் கெட்டதா? நம் ஊரில் பெரும்பாலும் இரண்டாவதுதான். கோயில் மண்டபத்துக் கல்யாணம், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை, ராத்திரி மாமாக் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டு) கடை ட்யூப்லைட் என்று நாம் படம் எடுக்கும் இடமெல்லாம் இருட்டு. லென்ஸின் எஃப் எண் சின்னதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம். கிட் லென்ஸை ஸூம் செய்தால் எஃப் 5.6-க்கு வந்துவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்வு, கூடினால் படம் பொரிபொரியாகும்) 6400 கேட்கும் காட்சியை 640-இல் எடுத்துவிடலாம். ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், தாலி கட்டும்போது திரும்பிச் சிரிக்கும் மாப்பிள்ளையைப் பிடிக்காது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

அதனால் என் கணக்கில் இரண்டாவது லென்ஸ் ஒரு சின்ன பிரைம்தான், அதாவது ஸூம் இல்லாமல் ஒரே மி.மீ.யில் நிற்கும் லென்ஸ். எந்த பிரைம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஜார்ஜ்டவுனில் லெபோ பாசாரில் அஞ்சடியில் (கடை முன்னால் இருக்கும் நடைபாதையில்) உட்கார்ந்து பூ கட்டுகிறவரை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஏபிஎஸ்-சி (சின்ன மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் சென்சார் அளவு) கேமராவில் 23 மி.மீ. போட்டால் அவர், அவர் முன்னால் இருக்கும் மல்லிகைக் கூடை, தலைக்கு மேல் தொங்கும் மாலைகள், பின்னால் கடை என்று எல்லாம் வரும். 35 போட்டால் அவர் முகமும் நாரைச் சுற்றும் விரலும். 56 போட்டால் முகம் மட்டும், அதற்கே நீங்கள் பின்னால் பின்னால் நகர்ந்து ரோட்டுக்கு வந்துவிடுவீர்கள், மோட்டார்சைக்கிள்காரன் ஹாரன் அடிப்பான். எனக்கு 23 பிடிக்கும். ஆள் முகம்தான் முக்கியம் என்பவர்களுக்கு 35.

காசு கொடுக்கும் முன் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கிட் லென்ஸை 23-இல் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே எடுங்கள், அடுத்த ஞாயிறு 35-இல். (கேமராவை அணைத்துப் போட்டால் சிலதில் மறுபடியும் 16-க்கே போய்விடும், திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.) எந்த ஞாயிறு எரிச்சல் குறைவாக இருந்ததோ அதுதான் உங்கள் லென்ஸ்.

எண்களில் குழப்பம் வேண்டாம். ஏபிஎஸ்-சியில் மி.மீ.யை ஒன்றரையால் பெருக்கினால் ஃபுல் பிரேமில் (பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சாரில்) எந்தக் கோணம் என்று தெரியும், கேனனில் 1.6, ஒலிம்பஸ், பானசோனிக்கின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற இன்னும் சின்ன சென்சாரில் 2. ஆக ஃபூஜியில் 35-ம் பானசோனிக்கில் 25-ம் கிட்டத்தட்ட ஒரே பார்வை.

எடையைப் பார்க்காமல் வாங்காதீர்கள். சின்ன கேமராவை வாங்கியதே தினமும் தூக்கிப் போகத்தானே? ஃபூஜி 35 எஃப் 2 170 கிராம், சோனியின் ஏபிஎஸ்-சி 35 எஃப் 1.8 154 கிராம், பானசோனிக் 25 எஃப் 1.7 125 கிராம், ஒலிம்பஸ் 45 எஃப் 1.8 வெறும் 116 கிராம். சிக்மா 30 எஃப் 1.4 பல மவுண்ட்டுகளுக்கு (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய், கம்பெனிக்குக் கம்பெனி வேறு) வருகிறது, இன்னும் வெளிச்சம் தரும், ஆனால் 265 கிராம் போல இருக்கும், நீளமும் அதிகம். நீங்கள் வழக்கமாக மாட்டும் பையைக் கடைக்குக் கொண்டுபோய், குடையும் தண்ணீர் போத்தலும் உள்ளே இருக்கும்போதே லென்ஸோடு கேமராவை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

லென்ஸ் மாற்றுவதே பிடிக்காதவர்கள் கிட்டைத் தள்ளிவிட்டு சிக்மா 18-50 எஃப் 2.8 மாதிரி ஒரு ஸூமுக்குப் போகலாம், 300 கிராமுக்குள்தான். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ரதம் வரும்போது லெபோ பினாங்கு பக்கம் சிதறு தேங்காய் உடைக்கும் இடத்தில் நின்றிருக்கிறீர்களா? இளநீரும் ஓட்டுத் துண்டும் முழங்கால் வரை பறக்கும். அங்கே கேமராவின் வாயைத் திறந்து லென்ஸ் மாற்ற எனக்குத் தைரியம் வராது.

டெலி, அதாவது என் 70-300 மாதிரி தூரத்து லென்ஸ்? காவடிக்கு வேண்டும் என்றுதான் நானும் வாங்கினேன். கூட்டத்துக்குள் தூரத்திலிருந்து எடுத்தால் வருவது அடுத்தவன் தலையும் தூக்கிப் பிடித்த கைப்பேசியும்தான். காவடி படம் மூன்று அடி தூரத்தில், பால்குடம் தூக்குகிறவர் மூச்சு நமக்குக் கேட்கும் இடத்தில் இருக்கிறது. டெலி உதவுவது வேறு இடத்தில், பொட்டானிக்கல் தோட்டத்து மரத்து உச்சியில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு உட்கார்ந்திருக்கும் லங்கூர் குரங்குக்கு, கோபுரத்துப் பொம்மைகளுக்கு, பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்கு. பகல் வெளிச்சத்துக்கு மலிவான, லேசான டெலியே போதும். ஒலிம்பஸ் 40-150 எஃப் 4-5.6 190 கிராம்தான். வருஷத்தில் இரண்டு நாள்தான் தேவை என்றால் வாடகைக்கு எடுங்கள்.

வைட் லென்ஸுக்கு உங்கள் கைப்பேசியே போதும் என்பது என் கட்சி. தவிர, வைடில் குடும்பப் படம் எடுத்தால் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா இரண்டு மடங்கு அகலமாகிவிடுவார், அந்தப் பேச்சு ஒரு வருஷம் ஓடும்.

வாங்கும்போது மவுண்ட் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். சோனிக்கு ஈ, ஃபூஜிக்கு எக்ஸ், நிக்கானுக்கு இசட், கேனனில் பழைய ஈஎஃப்-எம்மும் புதிய ஆர்எஃப்பும் வேறு வேறு, ஒன்றில் இன்னொன்று மாட்டாது. ஏபி செட் (கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட் வழியாக வராத இறக்குமதிச் சரக்கு) சில நூறு வெள்ளி (ரிங்கிட்) குறைவாக இருக்கும், பழுதானால் உள்ளூர் சர்வீஸில் உத்தரவாதம் செல்லுமா என்று முதலிலேயே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய பிரைம் வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை, ஒரு சோதனை மட்டும் செய்ய வேண்டும். அப்பெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசிப் புள்ளி பரவாயில்லை. கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி கிளைவிட்டு ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. விலை என்னவானாலும் கீழே வைத்துவிடுங்கள்.

என் 70-300-க்கு அதுதான் வந்தது. கடையிலேயே இருந்ததா, என் அலமாரியில் வளர்ந்ததா தெரியாது, டார்ச் அடித்துப் பார்க்கும் புத்தி அன்று இல்லை. சுத்தம் செய்யக் கேட்ட கூலிக்கு ஒரு பழைய 35 வந்திருக்கும். நம் ஊர் ஈரத்துக்குத் துணி அலமாரியும் தோல் பையும் பூஞ்சைக்கு மாமியார் வீடு மாதிரி. லென்ஸ் பட்ஜெட்டிலேயே ஒரு டிரை கேபினட்டுக்கு (ஈரம் ஏறாமல் காக்கும் பெட்டிக்கு) ஒதுக்குங்கள், ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல் மணி நிறம் மாறினால் காய வைத்துத் திரும்பப் போட வேண்டும். ஏர்கான் காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி முழுக்கப் பனி பூத்துவிடும். கால் மணி நேரம் பை மூடியே இருக்கட்டும், அதற்குள் ஒரு தே தாரிக் குடித்துவிடலாம்.