பழ விதையைச் சதையோடு விதைக்காதீர்கள்

பழத்திலிருந்து எடுத்த விதையை அப்படியே மண்ணில் போடாமல், வழவழப்பு முழுக்கப் போகும்வரை தண்ணீரில் பிசைந்து கழுவிவிட்டு விதையுங்கள். தக்காளி விதையானால் சாற்றோடு 2 அல்லது 3 நாள் புளிக்கவிட்டு அலசினால், மேலே இருக்கும் ஜவ்வு தானே கழன்றுவிடும். வேல மர விதை போல ஓடு கெட்டியாக இருப்பவற்றை உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தின் தழும்பு இருக்கும் பக்கத்தைத் தொடவேண்டாம். முளை அங்கேதான் இருக்கும்.

பறவையோ வௌவாலோ ஆடோ தின்று வெளியேற்றும் விதைகளுக்கு நடப்பதும் இதுதான். பழச் சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் உண்டு; ஈர மண்ணில் அது பூஞ்சையையும் வரவழைக்கும். விலங்கின் குடல் அந்தச் சதையை நீக்கிவிடுகிறது. சில விதைகளின் ஓட்டையும் ஓரளவு அரித்து, தண்ணீர் உள்ளே நுழைய வழி செய்கிறது. ஓட்டைத் தேய்ப்பதில்தான் பலர் மெனக்கெடுகிறார்கள்; சதையை நீக்குவதுதான் முக்கியம் என்பேன்.

மெல்லிய தோல் கொண்ட விதைகளைத் தேய்த்தால் உள்ளிருக்கும் கரு கெட்டுவிடும். மா, பலா விதைகளைக் கழுவலாம், ஆனால் காயவைக்கக் கூடாது. உடனே விதைத்துவிட வேண்டும்.