இரண்டு லூப்பர், ஒரே தாளம்: மிடி கிளாக் கொழுவும் முறை

யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டிப் பக்கத்து மேளச்சமாவைப் பார்த்திருப்பீர்கள். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு என்றாலும் தாளம் போடுகிறவர் ஒருவர்தான். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்பர் பெடல்களுக்கும் அதே கதை. இரண்டு பெடலையும் ஒரே நேரத்தில் மிதித்தால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் எட்டு அடி லூப் என்றால் 4 விநாடி. ஒன்று மற்றதைவிட வெறும் 20 மில்லிவிநாடி நீண்டாலும் பத்தாவது சுற்றில் 200 மில்லிவிநாடி விலகிவிடும். காதுக்கு அது தெளிவான பிசகு.

முதலில் தாளக்காரர் யார் என்று முடிவு செய்யுங்கள். டிரம் மெஷின் இருந்தால் அதுவே மாஸ்டர். அதன் மெனுவில் மிடி கிளாக் (கருவிகள் தமக்குள் பேசும் மிடி வழியே போகும் வேகத் துடிப்பு) அனுப்புவதை ஆன் செய்து, இரண்டு லூப்பரிலும் சிங்க் (வேகத்தை எங்கிருந்து எடுப்பது) என்ற இடத்தில் மிடியைத் தெரிவு செய்யுங்கள். லூப்பர் எதிலும் 'இன்டர்னல்' (தன் சொந்த வேகம்) இருக்கக்கூடாது. மாற்றியதைச் சேமிக்க மறந்தால், கரண்ட் போய் வந்ததும் பழையபடி ஆகிவிடும்.

அடுத்தது வயர். டிரம் மெஷினின் அவுட்டிலிருந்து முதல் லூப்பரின் இன்னுக்கு ஒன்று, அதன் த்ரூவிலிருந்து இரண்டாவதன் இன்னுக்கு இன்னொன்று. த்ரூ, உள்ளே வந்ததை அப்படியே வெளியே விடும். அவுட் எல்லாக் கருவியிலும் அப்படிச் செய்யாது. ஐந்து முள் வயர் என்றால் சிக்கலில்லை. 3.5 மில்லிமீற்றர் ஜாக் என்றால் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. 2018இல் ஏ வகையே பொதுத் தரநிலையாக வகுக்கப்பட்டது என்றாலும், பழைய கருவிகளில் பி வகையும் கிடக்கிறது. வகை மாறினால் ஒன்றும் வேலை செய்யாது. யூஎஸ்பி மட்டும் உள்ள கருவிகளுக்கு நடுவில் ஒரு கணினியோ யூஎஸ்பி ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும்.

இனித்தான் பலர் தடுக்கி விழும் இடம். கிளாக் என்பது ஓர் அடிக்கு 24 துடிப்பு, அவ்வளவுதான். 120 வேகத்தில் விநாடிக்கு 48. சமம் (சுற்றின் முதல் அடி) எங்கே, ஆதி தாளமா மிஸ்ர சாப்பா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சமத்தைச் சொல்வது ஸ்டார்ட் என்ற தனிச் செய்தி. ஆகவே டிரம் மெஷினை நிறுத்தி வைத்து, லூப்பர்களை ஆயத்தமாக்கிய பிறகே ஸ்டார்ட்டை அமத்துங்கள். நடுவில் லூப்பரை ஆன் செய்தால் வேகம் பிடிபடும், சமம் பிடிபடாது. அடி எண்ணிக்கையை ஒவ்வொரு லூப்பரிலும் தனித்தனியே வையுங்கள். பதிவின் தொடக்கத்தைத் தாளத்தோடு ஒட்டவைக்கும் குவாண்டைஸையும் ஒரு சுற்றுக்கு வையுங்கள், அப்போது கால் கொஞ்சம் முந்தினாலும் பதிவு சமத்தில்தான் தொடங்கும். (வேண்டுமென்றே ஒன்றில் 7, மற்றதில் 8 வைத்துப் பாருங்கள்: 56 அடிக்கு ஒருமுறை சேரும். மத்தியானம் முழுக்க அதிலேயே போய்விடும்.)

பதிவு செய்தபின் வேகத்தைத் திருகாதீர்கள். பதிந்த ஒலியை நீட்டிச் சுருக்க எல்லா லூப்பருக்கும் வராது.

கடைசியாக ஒரு சோதனை. இரண்டிலும் சமத்தில் ஒரே ஒரு கைதட்டைப் பதிந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். இடைவெளி எப்போதும் ஒரே அளவென்றால் அது கருவியின் தாமதம்தான். கூடிக்கொண்டே போனால் ஒரு லூப்பருக்குக் கிளாக் போகவில்லை. த்ரூ வயரைக் கழற்றி மறுபடி கொழுவுங்கள்.